எண்ணெயும் படையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பாரசீக வளைகுடாவின் எண்ணெயையும் அதைச் சுற்றி நிற்கும் படைகளையும் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறித்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எண்ணெய்க்காகப் படை அனுப்பும் வழக்கம் எப்போது தொடங்கியது? அமெரிக்கா அங்கே வந்த பிறகுதானா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

அதற்கும் வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்கப் படை வளைகுடாவில் கால் வைப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே நம் நாட்டிலிருந்து சென்ற சிப்பாய்கள் அந்த எண்ணெய்க்காக உயிர் விட்டிருக்கிறார்கள். இதை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

1901-இல் பாரசீக மன்னரிடமிருந்து எண்ணெய் தேடும் உரிமையைப் பெற்றவர் வில்லியம் நாக்ஸ் டார்சி. அவர் கைப்பணம் கரைந்து நின்றபோது முதலீடு செய்து அந்த முயற்சியைக் காப்பாற்றியது, பர்மாவில் எண்ணெய் எடுத்து இந்தியாவில் விற்றுக்கொண்டிருந்த பர்மா ஆயில் கம்பெனி. 1908 மே 26 அன்று மஸ்ஜித்-இ-சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. மறு ஆண்டே ஆங்கிலோ-பெர்ஷியன் ஆயில் கம்பெனி பிறந்தது. அபாதானில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அந்தக் காலத்தில்தான் பிரிட்டிஷ் கடற்படை, தன் சொந்த மண்ணில் கிடைத்த நிலக்கரியை விட்டுவிட்டுத் தன்னிடம் இல்லாத எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தது. எண்ணெயில் ஓடும் கப்பல் வேகமாகச் செல்லும், அதிக தூரம் செல்லும், நடுக்கடலிலேயே எரிபொருள் ஏற்றிக்கொள்ளும். ஆனால் அந்த வசதிக்கு ஈடாக, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உள்ள ஒரு பாலைவனத்தைக் காக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் 1914 ஜூனில் அந்தக் கம்பெனியின் 51 விழுக்காடு பங்குகளை 22 லட்சம் பவுண்டுக்கு அரசு வாங்குவதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றார். இரண்டே மாதங்களில் உலகப் போர் மூண்டது.

போர் தொடங்கிய வேகத்தில் எதிரிகளும் எண்ணெயின் அருமையைப் புரிந்துகொண்டார்கள் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தபோது அதன் தளபதி கார்ல் ஃபான் முல்லர் முதலில் குறிவைத்தது, கடற்கரையோரம் நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைத்தான். அந்தத் தீயையும் அதன் பின் ஊரைக் காலி செய்து ஓடிய கூட்டத்தையும் கண்ட தலைமுறை, 'அவன் சரியான எம்டன்' என்ற வழக்கைத் தமிழுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பாரசீகத்து எண்ணெய்க்கு முதல் போட்ட அதே கம்பெனியின் தொட்டிகள்தாம் இங்கே எரிந்தன என்பதைப் பலர் கவனித்ததில்லை.

அடுத்த மாதமே பம்பாயிலிருந்து இந்தியப் படைப்பிரிவு ஒன்று கப்பலேறியது. அபாதான் ஆலையையும் அதற்கு வரும் குழாய்வழியையும் காப்பது அதன் முதன்மையான பணிகளில் ஒன்று. நவம்பர் 6 அன்று அது ஷத்-அல்-அரப் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள ஃபாவில் இறங்கியது. நவம்பர் முடிவதற்குள் பாஸ்ரா வீழ்ந்தது. எண்ணெய் ஆலை பத்திரமாகிவிட்டது. அத்தோடு நின்றிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். ஆலையைக் காக்கப் பாஸ்ரா வேண்டும், பாஸ்ராவைக் காக்க அதற்கு மேலுள்ள ஊர் வேண்டும் என்று ஆற்றின் வழியே பாக்தாத் நோக்கி ஏறிக்கொண்டே போன படை, கூத் நகரில் முற்றுகையிடப்பட்டு, 1916 ஏப்ரல் 29 அன்று ஏறத்தாழ 13,000 பேருடன் துருக்கியரிடம் சரணடைந்தது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். பசியிலும், சிறைப்பட்டுப் பாலைவனத்தில் நடந்த நடையிலும் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். எண்ணெயைக் காப்பதற்கென்று போன படை எங்கே நிற்பது என்று தெரியாமல் போனதற்கு இதைவிடக் கசப்பான முன்னுதாரணம் இல்லை.

ஹோர்முஸ் நீரிணையை 'மூடிவிடுவோம்' என்று அவ்வப்போது செய்தி வருகிறது. கடலை எப்படி மூட முடியும்? 1980-களின் போரில் மூடினார்களா?
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

நல்ல கேள்வி. 'மூடுதல்' என்ற சொல்லே நம்மைத் தவறான படத்துக்கு இழுத்துச் செல்கிறது. பாரசீக வளைகுடாவிலிருந்து வெளிக்கடலுக்குச் செல்லும் ஒரே கடல்வாசல் இந்த நீரிணை. வடக்கே ஈரான், தெற்கே ஓமனின் முசந்தம் முனை. இரண்டுக்கும் இடையே மிகக் குறுகலான இடத்தில் ஏறத்தாழ 21 கடல் மைல் அகலம். பெரிய கப்பல்கள் செல்ல வகுக்கப்பட்ட தடங்கள் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரண்டு கடல் மைல் அகலம் கொண்டவை. நடுவே இரண்டு கடல் மைல் இடைவெளி. 2024-இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் இந்த வழியே சென்றது. உலகம் அன்றாடம் செலவழிக்கும் எண்ணெயில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கப்பலில் செல்லும் திரவ இயற்கை எரிவாயுவிலும் அதே அளவு பங்கு, பெரும்பாலும் கத்தாருடையது, இங்கேதான் கடக்கிறது.

இந்த இடத்தைச் சங்கிலி கட்டி அடைப்பவர் யாருமில்லை. கப்பலின் உரிமையாளர், சரக்கின் உரிமையாளர், காப்பீட்டாளர், மாலுமி ஆகிய நால்வரும் 'போகலாம்' என்று நினைக்கும் வரை நீரிணை திறந்திருக்கிறது. அவர்களில் போதுமான பேர் 'வேண்டாம்' என்று முடிவு செய்யும் நாளில் ஒரு குண்டுகூட வெடிக்காமலேயே அது மூடிவிடுகிறது. போர் அபாயக் காப்பீடு, கப்பலின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று பெரும்பாலும் ஏழு நாள்களுக்கு ஒருமுறை விதிக்கப்படுகிறது. பத்து கோடி டாலர் மதிப்புள்ள ஒரு கப்பலுக்கு அரை விழுக்காடு என்றாலே ஒரு பயணத்துக்கு ஐந்து லட்சம் டாலர் கூடுதல் செலவு. ஆகவே இங்கே தாக்குபவன் குறிவைப்பது கப்பலை மட்டுமன்று, அதை அனுப்புகிறவரின் துணிவையும்தான்.

1980-களுக்கு வருவோம். ஈராக்–ஈரான் போரில் தரைப்படைகள் முட்டிக்கொண்டு நின்றபோது, ஈரானின் வருமானத்தை அறுத்துவிடலாம் என்று கருதிய ஈராக், 1984 முதல் கார்க் தீவுக்கு எண்ணெய் ஏற்ற வரும் கப்பல்களைத் தீவிரமாகத் தாக்கியது. ஈரானின் ஏற்றுமதி எண்ணெயில் மிகப் பெரும்பகுதி அந்தச் சிறிய தீவிலிருந்துதான் போகிறது. பதிலுக்கு ஈரான், ஈராக்குக்குத் துணைநின்ற குவைத், சவூதி அரேபியா ஆகிய நாடுகளின் துறைமுகங்களுக்கு வந்துபோன கப்பல்களைத் தாக்கியது. போர் முடிவதற்குள் 400-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அடிபட்டன. 400-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்தப் போரில் ஒரு தரப்பல்லர்.

ஆனால் நீரிணை மூடப்படவில்லை. ஈரானின் சொந்த எண்ணெயும் அதே வழியில்தான் வெளியேற வேண்டியிருந்தது. கார்க்கிலிருந்து சிறு கப்பல்களில் எண்ணெயைத் தெற்கே சிர்ரி, லாரக் தீவுகள் வரை கொண்டுவந்து, அங்கே பெரிய கப்பல்களுக்கு மாற்றி, வாங்குபவரின் காப்பீட்டுச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு விலையைக் குறைத்து ஈரான் விற்றது. இதைவிட வியப்பானது, கப்பல்கள் எரிந்துகொண்டிருந்த அதே 1986-இல் எண்ணெய் விலை பீப்பாய்க்குப் பத்து டாலர் அளவுக்குச் சரிந்தது. சவூதி அரேபியா உற்பத்தியைக் கூட்டியதும், சந்தையில் எண்ணெய் தேவைக்கு மேல் இருந்ததும் காரணம். போர் நடக்கும் கடலைப் பார்த்து விலையைக் கணிப்பவர், உலகின் கையிருப்பையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஏமாந்துபோவார்.

குவைத் உதவி கேட்டதன் பேரில் அதன் 11 எண்ணெய்க் கப்பல்களுக்கு அமெரிக்கக் கொடியேற்றி, போர்க்கப்பல்களின் துணையோடு அனுப்பும் திட்டம் 1987 ஜூலையில் தொடங்கியது. முதல் அணியிலேயே, ஜூலை 24 அன்று, பிரிட்ஜ்டன் என்ற பேருருவ எண்ணெய்க் கப்பல் கடற்கண்ணியில், அதாவது கடலில் போட்டுவைத்த வெடிகுண்டில், மோதியது. அது மூழ்கவில்லை, ஓட்டையோடு பயணத்தைத் தொடர்ந்தது. காவலுக்கு வந்த போர்க்கப்பல்களின் மெல்லிய உடல் இன்னொரு கண்ணியைத் தாங்காது என்பதால், அவை எண்ணெய்க் கப்பலின் பின்னால் வரிசையாக ஒதுங்கிக்கொண்டன. காக்க வந்தவர்கள் காக்கப்பட வேண்டியவரின் முதுகில் ஒளிந்தார்கள் என்று இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கண்ணிவாரிக் கப்பல்களை முன்கூட்டியே கொண்டுவராமல் திட்டமிட்டவர்களின் பிழைக்கு அந்த மாலுமிகள் பொறுப்பல்லர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கப் போர்க்கப்பலான சாமுவேல் பி. ராபர்ட்ஸின் அடிப்பகுதியைப் பிளந்த கண்ணியின் விலை 1,500 டாலர் என்று சொல்வார்கள். கப்பலைச் சரிசெய்ய ஆன செலவு ஏறத்தாழ 9 கோடி டாலர். அந்தக் கண்ணியின் வடிவமைப்பு 1908-ஐச் சேர்ந்தது.

அந்தக் காவல் திட்டம் பயனற்றதென்றும் நான் சொல்லவில்லை. கப்பல்கள் சென்றன, குவைத்தின் ஏற்றுமதி நிற்கவில்லை. ஆனால் நெருக்கமான கடலில், பதற்றத்தோடு விரலை விசையில் வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 1987 மே 17 அன்று ஈராக்கிய விமானம் ஒன்று தவறுதலாக ஏவியதாகச் சொல்லப்பட்ட ஏவுகணைகளால் ஸ்டார்க் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் 37 மாலுமிகள் மாண்டார்கள். 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ், ஈரானின் பயணிகள் விமானத்தைப் போர்விமானம் என்று கருதிச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர், அவர்களில் 66 குழந்தைகள். எண்ணெய்ப் பாதுகாப்பின் வரவு செலவு எழுதப்படும்போது இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

அண்மைக் காலத்தில் செங்கடலிலும் இதையே கண்டோம். 2023 நவம்பர் முதல் ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின், டிசம்பரில் அமெரிக்கா தலைமையில் பன்னாட்டுக் கடற்படை அங்கே நிறுத்தப்பட்டது. ஏவுகணைகள் பலவற்றை அது வீழ்த்தியது உண்மை. ஆயினும் 2024-இல் செங்கடலின் தெற்கு வாசலான பாப்-எல்-மண்டப் நீரிணை வழியே சென்ற எண்ணெய், முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே போய்விட்டது. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு பத்து நாள்களுக்கும் மேல் கூடுதலாகப் பயணித்தன. செங்கடலுக்குச் சுற்றுவழி இருந்தது. ஹோர்முஸுக்கு உள்ளே இருக்கும் துறைமுகத்துக்குக் கடலில் சுற்றுவழி கிடையாது.

இவ்வளவு தொல்லைக்குப் பதில், படைபலம் மிக்க நாடு எண்ணெய் வயல்களையே கைப்பற்றிவிட்டால் என்ன?
— வணிகர், சேலம்

அறம் ஒருபுறம் இருக்கட்டும் என்று நீங்கள் கருதியிருக்கலாம். நான் அதை ஒருபுறம் வைக்க விரும்பவில்லை. பிறர் மண்ணின் செல்வம் பிறருடையது. ஆனால் படைக்கணக்காகப் பார்த்தாலும் இது தேறாது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை ஆயுதமாக்கி, பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த விலை சில மாதங்களில் பதினோரு டாலரைத் தாண்டியபோது, இந்த யோசனை வாஷிங்டனில் உரக்கவே பேசப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவு 1975-இல் இதை அலசி ஓர் அறிக்கையே வெளியிட்டது. வயல்களைப் பிடிப்பது மட்டும் போதாது, அவற்றைச் சிதையாமல் பிடிக்க வேண்டும், பின்பு பழுது நீக்கி இயக்க வேண்டும், ஏற்றுமதி வழியையும் காக்க வேண்டும் என்று அது சுட்டியது. இந்தத் தடைகளில் ஒன்று தவறினாலும் மற்றவற்றில் வென்றதற்குப் பொருளில்லை.

இரண்டாம் உலகப் போரிலேயே இதற்கு விடை கிடைத்திருந்தது. 1942 ஆகஸ்டில் காக்கேசியாவின் மைக்கோப் வயலை ஜெர்மானியர் பிடித்தபோது, பின்வாங்கிய சோவியத் படை கிணறுகளையும் கருவிகளையும் அழித்துவிட்டிருந்தது; ஹிட்லருக்குக் கிடைத்த எண்ணெய் மிகச் சொற்பம். அதே ஆண்டு பிப்ரவரியில் சுமத்ராவின் பலெம்பாங்கை ஜப்பானியர் பிடித்தார்கள். அங்கே அவர்கள் விரைவாகவே எண்ணெய் எடுத்தும் விட்டார்கள். ஆனால் அதை ஜப்பானுக்குக் கொண்டுசெல்லும் கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாக மூழ்கடித்ததால், 1945-இல் கிணறு கையில் இருந்தும் நாட்டில் எண்ணெய் இல்லாத நிலை வந்தது.

குவைத்தை நாம் நம் காலத்திலேயே பார்த்தோம். 1990 ஆகஸ்ட் 2 அன்று அதைப் பிடித்த சதாம் உசேனால் அந்த எண்ணெயில் ஒரு கப்பலைக்கூட முறையாக விற்க முடியவில்லை. உலகம் வாங்க மறுத்தது. ஏழு மாதம் கழித்து விரட்டப்பட்டபோது 600-க்கும் மேற்பட்ட கிணறுகளுக்கு அவரது படை தீ வைத்தது. கடைசித் தீ 1991 நவம்பரில்தான் அணைந்தது.

2019-இல் அப்கைக் ஆலை தாக்கப்பட்டபோது நான் இங்கேதான் இருந்தேன். இவ்வளவு விலையுயர்ந்த வான்காப்புக் கருவிகள் இருந்தும் எப்படி நடந்தது?
— பொறியாளர், தம்மாம், சவூதி அரேபியா

அருகிலிருந்து பார்த்த உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க அதிகமில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எண்ணெய் வயல்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடக்கின்றன. ஒரு கிணற்றைத் தாக்கினால் ஒரு கிணறு போகும். ஆனால் பல வயல்களின் எண்ணெய், அதில் கலந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சு வாயுக்களைப் பிரித்து, கப்பலில் ஏற்றத்தக்கதாக ஆக்கப்படுவதற்கு அப்கைக் என்ற ஓரிடத்துக்கு வந்து சேர்கிறது. நாளொன்றுக்கு 70 லட்சம் பீப்பாய் வரை அங்கே பதப்படுத்த முடியும். அகலமான ஒரு நதியை ஒரு மதகு வழியாகத் திருப்பிவிட்டது போன்ற அமைப்பு அது; செலவைக் குறைப்பதற்காகச் செய்த அந்த ஒருமுகமாக்கலே பகைவனுக்கு வழிகாட்டிவிட்டது.

2019 செப்டம்பர் 14 அதிகாலையில் ட்ரோன்களும் தாழப் பறக்கும் ஏவுகணைகளும் அப்கைக்கையும் குரைஸ் வயலையும் தாக்கின. நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய், அதாவது சவூதியின் உற்பத்தியில் ஏறத்தாழ பாதி, ஒரே காலையில் நின்றது. ஹூதிகள் பொறுப்பேற்றார்கள்; அமெரிக்காவும் சவூதியும் ஈரானைக் குற்றம் சாட்டின; ஈரான் மறுத்தது. உயரத்திலிருந்து பாய்ந்து வரும் ஏவுகணைகளை எதிர்க்கவென அமைந்த வான்காப்பு, தரையை ஒட்டி வேறு திசையிலிருந்து வந்த சிறு கருவிகளைக் காணவில்லை. திங்கள்கிழமை சந்தை திறந்ததும் விலை எகிறி, அன்றைய முடிவில் 15 விழுக்காடு அளவுக்கு உயர்ந்து நின்றது.

இரு வாரங்களில் விலை ஏறத்தாழ பழைய இடத்துக்கு இறங்கிவிட்டதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதைச் சாதித்தது பதிலடி ஏவுகணையன்று. கிடங்குகளில் இருந்த கையிருப்பு, மாற்று உதிரிப்பாகங்கள், இரவு பகலாகப் பழுது நீக்கிய தொழிலாளர்கள் ஆகிய மூன்றும்தான் சவூதியின் ஏற்றுமதியைக் காப்பாற்றின. அந்தத் தொழிலாளர்களில் நம்மவரும் உண்டு. வளைகுடாவில் எண்ணெய் ஆலையைவிட எனக்கு அதிக அச்சம் தருவது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். எண்ணெய் இரண்டு வாரம் நின்றால் வருமானம் போகும். குடிநீர் சில நாள் நின்றாலே நகரம் நிலைகுலையும். ஜுபைலின் குடிநீர் ஆலையிலிருந்து ரியாத் வரை தண்ணீர் போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

ஹோர்முஸைத் தவிர்த்துக் குழாய் போட்டுவிட்டால் பிரச்சினை தீராதா?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

ஓரளவு தீரும். சவூதி அரேபியா, ஈராக்–ஈரான் போரின் தொடக்க ஆண்டுகளிலேயே கிழக்கிலிருந்து செங்கடல் கரையிலுள்ள யான்பு வரை சுமார் 1,200 கிலோமீட்டர் குழாய்வழி அமைத்தது; அதன் கொள்ளளவு பின்னர் நாளொன்றுக்கு 70 லட்சம் பீப்பாய் வரை கூட்டப்பட்டது. அபுதாபி, 2012-இல் ஹப்ஷானிலிருந்து ஹோர்முஸுக்கு வெளியே உள்ள புஜைரா வரை 15 லட்சம் பீப்பாய் செல்லும் குழாயை இயக்கத் தொடங்கியது. குவைத்துக்கும் கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் இப்படி எதுவுமில்லை. இரண்டு குழாய்களும் முழு அளவில் ஓடினாலும் நீரிணை வழியே செல்வதில் பாதியைக்கூட ஈடுகட்டா.

குழாயும் கண்ணுக்குத் தெரியும் இலக்குதான். 2019 மே மாதம் அந்தச் சவூதிக் குழாய்வழியின் இரண்டு அழுத்தும் நிலையங்களை ட்ரோன்கள் தாக்கின. அதற்கு இரண்டு நாள் முன்பு புஜைரா அருகே நான்கு கப்பல்கள் சேதமாயின. யான்புவில் ஏற்றி ஆசியாவுக்கு அனுப்ப வேண்டுமானால் அடுத்த வாசல் பாப்-எல்-மண்டப். ஈராக் 1980-களில் சவூதி மண்ணின் வழியே ஒரு குழாய் போட்டது. குவைத்தை அது பிடித்த மாதத்திலேயே அந்தக் குழாய் அடைக்கப்பட்டது. கடலில் கண்ணிக்கு அஞ்ச வேண்டும். நிலத்தில் அண்டை நாட்டின் மனமாற்றத்துக்கு அஞ்ச வேண்டும்.

அமெரிக்காவே இப்போது எண்ணெய் ஏற்றுமதி செய்கிறது. பிறகு ஏன் அங்கே படை வைத்திருக்கிறது?
— வங்கி ஊழியர், புதுச்சேரி

1971-இல் பிரிட்டன் வளைகுடாவை விட்டு விலகியது. 1979-இல் ஈரானில் ஷா வீழ்ந்தார். ஆண்டிறுதியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்தது. 1980 ஜனவரி 23 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர், பாரசீக வளைகுடாவை வெளிச்சக்தி எதுவும் கட்டுப்படுத்த முயன்றால் அமெரிக்கா தேவைப்பட்டால் ராணுவ வலிமையாலும் அதைத் தடுக்கும் என்று அறிவித்தார். அந்தக் கொள்கையிலிருந்து பிறந்த படைத்தலைமைதான் 1983-இல் அமைந்த மத்தியக் கட்டளையகம். பஹ்ரைனில் ஐந்தாம் கடற்படைப் பிரிவும், கத்தாரின் அல் உதைத் விமானத்தளமும் அதன் கீழ் வந்தவை.

2024-இல் ஹோர்முஸ் வழியே சென்ற கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஆசியாவுக்கு, பெரும்பாலும் சீனா, இந்தியா, ஜப்பான், தென்கொரியாவுக்கு, வந்தது. ஆகவே உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் எண்ணெய்க்கு உலகெங்கும் விலை ஒன்றுதான். வளைகுடாவில் தட்டுப்பாடு வந்தால் டெக்சாஸில் கிணற்றருகே குடியிருப்பவரும் கூடுதல் விலைதான் கொடுக்கிறார். இதோடு இஸ்ரேலுடனான உறவு, ஈரானின் அணுத்திட்டம், ஆயுத விற்பனை ஆகியவையும் சேர்ந்துகொண்டன. எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. அதிகம் இழக்கக்கூடியவை ஆசிய நாடுகள். போரா அமைதியா என்று முடிவெடுக்கும் மேசையிலோ அவற்றுக்கு நாற்காலி இல்லை.

வளைகுடாவில் தடங்கல் வந்தால் நம் நாட்டில் எத்தனை நாள் தாங்கும்? சமையல் எரிவாயு கிடைக்குமா?
— இல்லத்தரசி, ஈரோடு

கச்சா எண்ணெய்க்கு ஒரு பதிலும் சமையல் எரிவாயுவுக்கு வேறொரு பதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. 1990-இல் குவைத் நெருக்கடியால் எண்ணெய்ச் செலவு ஏறியதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றதும் நம் அந்நியச் செலாவணி நெருக்கடியை முற்றவைத்தன. 1991-இல் தங்கத்தை அடகு வைக்கும் நிலை வரை போனோம். ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை அம்மான் வழியாக விமானத்தில் அழைத்துவர வேண்டியிருந்தது. அந்தப் பாடத்தின் பயனாக, பின்னாளில் விசாகப்பட்டினத்தில் 13.3 லட்சம் டன், மங்களூருவில் 15 லட்சம் டன், கர்நாடகத்தின் பாதூரில் 25 லட்சம் டன் என்று பாறையைக் குடைந்து நிலத்தடிக் கிடங்குகள் அமைக்கப்பட்டன. மூன்றும் நிரம்பியிருந்தால் நாட்டின் ஒன்பதரை நாள் தேவைக்குப் போதும். எண்ணெய் நிறுவனங்களின் கையிருப்பையும் சேர்த்தால் 74 நாள் என்று அரசு கணக்குச் சொல்லியிருக்கிறது. 1973-இன் அதிர்ச்சிக்குப் பின் 1974-இல் அமைந்த சர்வதேச எரிசக்தி முகமை, தன் உறுப்பு நாடுகளுக்கு வைத்திருக்கும் அளவு 90 நாள் இறக்குமதி. 2020-இல் விலை அடிமட்டத்துக்குப் போனபோது நம் கிடங்குகளை நிரப்பிக்கொண்டது மிகச் சரியான செயல். ஒடிசாவின் சண்டிகோலிலும் பாதூரிலும் அடுத்த கிடங்குகளுக்கு 2021-இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஒரு போர்க்கப்பலுக்குக் காட்டும் அக்கறையை இந்தக் குகைகளுக்கும் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; நெருக்கடியின் முதல் மாதத்தில் நாட்டைக் காக்கப்போவது இவைதாம்.

உங்கள் அடுப்பைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நாட்டின் சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு இறக்குமதி; அதில் மிகப் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து வருகிறது. கச்சா எண்ணெயை ரஷ்யாவிலிருந்தோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தோ வாங்கிச் சமாளிக்கலாம். எரிவாயுவுக்கு அத்தனை எளிதாக வேறு கடை கிடைக்காது, சேமிப்பும் குறைவு. விசாகப்பட்டினத்தில் உள்ள நிலத்தடி எரிவாயுக் கிடங்கு 60,000 டன் கொள்ளும். நாடு ஒரு நாளில் செலவழிப்பது அதைவிட அதிகம். 30 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளைக் கொடுத்துவிட்டு, விறகடுப்பை விட்டுவிடச் சொல்லிவிட்டு, சேமிப்பை மட்டும் பின்தங்க விட்டது சரியன்று. இந்தப் பொருளில் எழுதுகிறவர்கள் பெட்ரோலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால், இதைக் கேட்ட உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் மகன் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கிறான். சண்டை நடக்கும் கடலுக்குக் கப்பல் போனால் அவனும் போய்த்தான் ஆக வேண்டுமா? கம்பெனியில் கேட்டால் தெளிவாகச் சொல்ல மறுக்கிறார்கள்.
— ஒரு தாய், தூத்துக்குடி

அம்மா, போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. போர்ப்பகுதி என்று சட்டமோ வேலை ஒப்பந்தமோ வரையறுத்த இடத்துக்குக் கப்பல் செல்லும்போது, அதற்கு இசையாத மாலுமி ஊர் திரும்பும் உரிமை பெறுகிறார் என்பதை அதன் வழிகாட்டுதல்கள் குறிப்பிடுகின்றன. பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் (ITF) ஒப்பந்தம் செல்லும் கப்பலானால் பாதுகாப்பு இன்னும் உறுதியானது. போர் நிகழும் பகுதியாக அறிவிக்கப்பட்ட கடலுக்குள் செல்ல மறுக்கலாம். கம்பெனி தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். இசைந்து செல்பவருக்கு அந்த நாள்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரு மடங்கு. இறப்பு, ஊனம் ஆகியவற்றுக்கான இழப்பீடும் இரு மடங்கு.

உங்கள் அச்சம் வீணானது என்று நான் சொல்லப்போவதில்லை. 2019 ஜூலையில் ஈரான் பிடித்த ஸ்டெனா இம்பெரோ கப்பலின் 23 பேரில் 18 பேர் இந்தியர். 2024 ஏப்ரலில் பிடிபட்ட எம்.எஸ்.சி. ஏரிஸ் கப்பலின் 25 பேரில் 17 பேர் இந்தியர். அவர்கள் உயிரோடு திரும்பினார்கள். 2019 ஜூன் முதல் நம் கடற்படை ஓமன் வளைகுடாவில் 'சங்கல்ப்' என்ற பெயரில் போர்க்கப்பல்களை நிறுத்தி இந்தியக் கப்பல்களுக்குத் துணை கொடுத்து வந்திருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் வேலை செய்வது வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்களில். அவற்றுக்குத் துணை கிடைப்பது அந்தந்த நேரத்து முடிவைப் பொறுத்தது.

மகன் அடுத்த முறை கப்பலேறும் முன் மூன்று காரியங்களைச் செய்யச் சொல்லுங்கள். வேலைக்கு அனுப்பும் முகவருக்கு கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கட்டும். ஒப்பந்தத்தில் போர்ப்பகுதி குறித்த பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு, அதைப் படித்த பிறகு கையெழுத்திடட்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் ஒன்றையும், கப்பலின் பெயர், பதிவு எண், கொடி நாடு ஆகியவற்றையும் எழுதி உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். கம்பெனி பதில் சொல்ல மறுத்தால், மும்பையில் உள்ள இயக்குநரகத்துக்கும் அவர் சேர்ந்துள்ள மாலுமிகள் சங்கத்துக்கும் அந்த நகலோடு எழுதுங்கள்; கடிதத்தைத் தமிழில் எழுதினாலும் கப்பலின் பதிவு எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.